சுவரில் 25,942 பெயர்கள்... கதைகள் எங்கே? டெல்லி போர் நினைவகம் எழுப்பும் மியூசியம் கேள்வி

டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் உள்ள தேசியப் போர் நினைவகத்தில் தினமும் மாலை ஒரு சின்ன நிகழ்ச்சி நடக்கும். நாட்டுக்காக உயிரிழந்த ஏதோ ஒரு வீரரின் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்திருப்பார். மனைவியாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், அப்பாவை போட்டோவில் மட்டுமே பார்த்து வளர்ந்த மகளாகவும் இருக்கலாம். நடுவில் எரியும் ஜோதிக்கு முன்னால் அவர் மலர்வளையம் வைப்பார். சுற்றி நிற்பவர்கள் எழுந்து நிற்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அதன்பிறகு அந்தக் குடும்பத்தின் கண்கள் சுவரில் ஒரு பெயரைத் தேடும். பெயர் இருக்கும். அதோடு அவருடைய ரேங்க், அவர் இருந்த படைப்பிரிவு. அவ்வளவுதான்.

அவர் எந்த மலையில் விழுந்தார்? அன்றைக்கு என்ன உத்தரவு வந்தது? பக்கத்தில் இருந்தவர்கள் தப்பித்தார்களா? அந்தச் சண்டை தேவைப்பட்டதா? கிரானைட் கல் இதற்கெல்லாம் பதில் சொல்லாது. சொல்ல வேண்டியது அதன் வேலையும் இல்லை. அந்த வேலைக்கென்றே ஒரு கட்டடம் திட்டமிடப்பட்டது. அதுதான் தேசியப் போர் அருங்காட்சியகம். நினைவகமும் அருங்காட்சியகமும் சேர்ந்த ஒரே திட்டமாகத்தான் இது தொடங்கியது. ஒன்று 2019-ல் திறந்தது. இன்னொன்று அதோடு சேர்ந்து திறக்கவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விஷயம் இருக்கிறது.

நினைவகத்தில் என்ன இருக்கிறது?

இந்தியா கேட்டுக்குக் கிழக்கே, சுமார் 40 ஏக்கரில் அமைந்திருக்கிறது தேசியப் போர் நினைவகம். 2019 பிப்ரவரி 25 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தார். செலவு சுமார் 176 கோடி ரூபாய். வடிவமைப்புக்காக நடந்த போட்டியில் வென்றது சென்னையைச் சேர்ந்த வீபி டிசைன் லேப் நிறுவனம். அதன் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன்.

மகாபாரதத்தின் சக்கர வியூகத்தை மனதில் வைத்து வரைந்த வடிவம் இது. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். நடுவில் அமர் சக்கரா. அங்கே 15.5 மீட்டர் உயரத் தூணும் அணையா ஜோதியும். அடுத்தது வீரதா சக்கரா. அதில் ஆறு சண்டைகளைக் காட்டும் வெண்கலச் சிற்பப் பலகைகள். மூன்றாவது தியாக சக்கரா. பெயர்கள் இருப்பது இங்கேதான். கடைசி வட்டம் ரக்ஷக் சக்கரா. அதில் எல்லையில் நிற்கும் காவல் வீரர்களைப் போல வரிசையாக மரங்கள். பக்கத்திலேயே பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள்.

திறந்த நாளில் சுவர்களில் இருந்த பெயர்கள் 25,942. சுதந்திரத்துக்குப் பிறகு 1947-48 காஷ்மீர் போர், 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்கள், சியாச்சின், இலங்கை, கார்கில், தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகள், ஐ.நா. அமைதிப்படைப் பணி என எல்லாவற்றிலும் உயிரிழந்த முப்படையினரின் பெயர்கள். பட்டியல் அதோடு முடியவில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த 20 பேரின் பெயர்களும் பிறகு சேர்க்கப்பட்டன. அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

சுவர் இன்னும் வளரும். அதுதான் இந்த நினைவகத்தின் வேதனையான உண்மை.

அப்போ இந்தியா கேட்?

இந்தியா கேட்டும் போர் நினைவுச்சின்னம்தான். அதன் பழைய பெயர் 'அகில இந்தியப் போர் நினைவகம்'. எட்வின் லுட்யன்ஸ் வடிவமைத்தது. 1921 பிப்ரவரியில் அடிக்கல், 1931 பிப்ரவரியில் திறப்பு. உயரம் 42 மீட்டர். முதல் உலகப்போரிலும் 1919 ஆப்கான் போரிலும் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சண்டையிட்டு இறந்த வீரர்களுக்காக எழுப்பப்பட்டது.

முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 70,000-க்கும் மேல். இந்தியா கேட்டில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்களோ 13,000 சொச்சம்தான். அந்தப் பெயர்களைக் கழுத்தை அண்ணாந்து படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று அந்த இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

1971 வெற்றிக்குப் பிறகு, 1972 ஜனவரி 26 அன்று, இந்தியா கேட் வளைவுக்குக் கீழே 'அமர் ஜவான் ஜோதி'யை இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். தலைகீழாக நிற்கும் துப்பாக்கி, அதன்மேல் ஒரு தலைக்கவசம், பக்கத்தில் அணையா விளக்கு. ஐம்பது ஆண்டுகள் நாட்டின் மனதில் நின்ற காட்சி அது. 2022 ஜனவரி 21 அன்று அந்த ஜோதி, புதிய நினைவகத்தின் ஜோதியோடு இணைக்கப்பட்டது.

அப்போது விவாதம் சூடு பிடித்தது. 1971 வீரர்களின் நினைவை அழிக்கிறார்கள் என்றது ஒரு தரப்பு. 1971 வீரர்களின் பெயர்களே இல்லாத இடத்தில் ஜோதி எரிந்தது, இப்போது பெயர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறது என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால், விளக்கு எங்கே எரியணும் என்று நாடே பேசிய அந்த நாட்களில், கதையை எங்கே வைக்கணும் என்ற பேச்சு பெரிதாக எழவே இல்லை.

இவ்வளவு தாமதம் ஏன்?

சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்குத் தனி நினைவகம் வேண்டும் என்ற யோசனையை முப்படைகள் முன்வைத்தது 1960-ல். திறந்தது 2019-ல். நடுவில் கிட்டத்தட்ட 60 வருடம். அந்த இடைவெளியில் நான்கு போர்கள் நடந்து முடிந்துவிட்டன.

தாமதத்துக்குப் பெரிய காரணம் இடம். இந்தியா கேட் சுற்றுவட்டம் டெல்லியின் பாரம்பரியப் பகுதி. அங்கே புதுக் கட்டுமானம் வந்தால் பழைய அழகு கெடும், மாலை நேரத்தில் காற்று வாங்க வரும் மக்களுக்கு இடம் போய்விடும் என்ற எதிர்ப்பு இருந்தது. அப்போதைய டெல்லி முதல்வர் ஷீலா தீட்சித்தும் அந்த இடத்தை எதிர்த்தார். இடம் முடிவாகாமலேயே வருடங்கள் ஓடின.

2014 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி போர் நினைவகத்துக்கும் போர் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து 100 கோடி ரூபாய் ஒதுக்கினார். 2015 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இரண்டுக்கும் சேர்த்து சுமார் 500 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நினைவகம் இந்தியா கேட் பக்கத்தில். அருங்காட்சியகம் அதற்கு அருகே, இரண்டாம் உலகப்போர் காலத்து பாராக்குகள் இருந்த பிரின்சஸ் பார்க் வளாகத்தில். இரண்டுக்குமே வடிவமைப்புப் போட்டி நடந்தது.

நினைவகம் எழுந்தது. அருங்காட்சியகம் பின்தங்கியது.

இதே டெல்லியில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. சாணக்கியபுரியில் உள்ள தேசிய காவலர் நினைவகம். பணியில் உயிரிழந்த 34,844 போலீஸாரின், துணை ராணுவப் படையினரின் பெயர்களோடு 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. அங்கே நினைவுச்சின்னம், பெயர்ச் சுவர், அருங்காட்சியகம் மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. போலீஸுக்கு முடிந்தது ராணுவத்துக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்வி நியாயமானது.

நினைவகம் வேறு, அருங்காட்சியகம் வேறு

இரண்டையும் ஒன்று என நினைக்கிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் வேலை வேறு.

நினைவகம் தலை குனிய வைக்கும் இடம். அங்கே கேள்வி கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. வென்ற போரில் இறந்தவரும் தோற்ற போரில் இறந்தவரும் அங்கே சமம்.

அருங்காட்சியகம் தலை நிமிர்ந்து பார்க்க வைக்கும் இடம். அங்கே வரைபடம் இருக்கும், கடிதம் இருக்கும், கிழிந்த சீருடை இருக்கும், உத்தரவுக் காகிதம் இருக்கும். இந்த முடிவை எடுத்தது யார், ஏன் இத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒரு பள்ளி மாணவி கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கடமை அந்தக் கட்டடத்துக்கு இருக்கிறது.

ஒரு உதாரணம் போதும். நினைவகத்தின் வெண்கலப் பலகைகளில் ஒன்று ரெசாங் லா சண்டையைக் காட்டுகிறது. 1962 நவம்பர் 18. லடாக்கின் கடும் குளிர். மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13 குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி, 120 பேர் அளவில், கடைசி வரை நின்றது. 110 பேருக்கு மேல் இறந்தார்கள். இது பலகையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலகை சொல்லாது. உயிர் தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. இவ்வளவு பேர் ஓடாமல் நின்று செத்தார்களா என்று சந்தேகப்பட்டார்கள். 1963 தொடக்கத்தில், பனிக்குள் உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளில் ஆயுதத்தோடு அப்படியே கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் நம்பினார்கள். வீரத்தைப் போலவே அந்த அவநம்பிக்கையும் வரலாறுதான். குளிருக்கு ஏற்ற உடையும் பீரங்கி உதவியும் இல்லாமல் அவர்கள் நிற்க நேர்ந்ததும் வரலாறுதான். இதைச் சொல்ல அருங்காட்சியகம் தேவை.

நடுகல் சொன்னது என்ன?

செத்தவருக்குக் கல் வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் நூற்றுக்கணக்கில் நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. 1,400 வருடம் பழைமையானவையும் அதில் உண்டு.

அந்தக் கற்களின் எழுத்தைப் படித்தால் ஒரு விஷயம் புரியும். பெயரை மட்டும் வெட்டிவிட்டுப் போகவில்லை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவர் யாருடைய ஆள், எந்த ஊர் மாடுகளை யார் கவர்ந்தார்கள், மீட்கப் போனவர் எப்படி விழுந்தார் என்று இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடுவார்கள். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. 'பட்டான்' என்றால் சண்டையில் இறந்தான். பெயர், காரணம், சம்பவம் மூன்றும் ஒரே கல்லில்.

செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரின் நடுகல் இன்னும் சுவாரசியமானது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்ற தகவல்கூட கல்லில் இருக்கிறது. அந்த ஊர் மக்களுக்கு அது முக்கியமாகப் பட்டது. எழுதி வைத்தார்கள். அதனால்தான் 14 நூற்றாண்டு கழித்தும் ஒரு நாயின் பெயரும் அது செய்த காரியமும் தெரிகிறது.

25,000-க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு டெல்லியில் அப்படி ஒவ்வொரு கல்லிலும் கதை எழுத முடியாது. உண்மைதான். கல்லில் முடியாததை பக்கத்துக் கட்டடத்தில் செய்யலாம் என்பதுதான் அருங்காட்சியகத்தின் அர்த்தமே.

சினிமா சொல்லிவிட்டதே?

இன்றைய தேதிக்கு அந்த வேலையைச் செய்வது சினிமாதான். லோங்கேவாலா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1997-ல் வந்த 'பார்டர்' இந்திப் படம். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25-ல் காஷ்மீரின் ஷோபியானில் இறந்தார். அவருக்கு அசோக் சக்ரா விருது கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு அவர் தெரியவந்தது 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தால்.

இதில் தப்பேதும் இல்லை. ஒரு வீரரை லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டு சேர்த்ததற்கு சினிமாவுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் சினிமா கதை தேர்ந்தெடுக்கும். இரண்டரை மணி நேரத்தில் சொல்ல முடிகிற, டிக்கெட் விற்கிற கதையை மட்டும் எடுக்கும். பனிச்சரிவில் இறந்த சிப்பாய்க்கும், லாரி கவிழ்ந்து இறந்த டிரைவருக்கும், ஐ.நா. பணியில் ஆப்பிரிக்காவில் இறந்தவருக்கும் படம் வராது. சுவரில் அவர்களுக்கும் அதே அளவு எழுத்துதான். மியூசியத்திலும் அவர்களுக்கு அதே மரியாதை கிடைக்கணும்.

தமிழர்களுக்கு நெருக்கமான, கடினமான கேள்வி

இந்தச் சுவரில் தமிழ்நாடு கூர்ந்து பார்க்க வேண்டிய பெயர்கள் இன்னும் சில இருக்கின்றன. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து இலங்கைக்குப் போன இந்திய அமைதி காக்கும் படையில் இறந்த 1,100-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள்.

அந்தப் பணியில் பரம்வீர் சக்ரா பெற்றவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 8 மஹார் படைப்பிரிவு. 1987 நவம்பர் 25-ல் யாழ்ப்பாணப் பகுதியில் நடந்த மோதலில் இறந்தார். அவருடைய சிலை நினைவகத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 11-12 இரவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட 13 சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பிடிபட்டார். திட்டம் எங்கே தவறியது என்பது இன்றுவரை ராணுவ வட்டாரத்தில் பேசப்படும் விஷயம்.

அதே மாதம் 21-ம் தேதி யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது நோயாளிகள், மருத்துவர்கள், நர்சுகள் என 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியவர்கள் என்றது இந்தியத் தரப்பு. உயிர் பிழைத்தவர்கள் அதை மறுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த நாள் நினைவுகூரப்படுகிறது.

1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, தமிழர்கள் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ராணுவத்தினருக்கு அது ஆறாத காயம். தமிழ்நாட்டில் பலருக்கு அது சரியான முடிவு. இரண்டு உணர்வும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கொழும்புக்கு அருகே இந்தப் படையினருக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. 2015 இலங்கைப் பயணத்தில் பிரதமர் மோடி அங்கே அஞ்சலி செலுத்தினார். டெல்லியில் அந்தப் பெயர்கள் சுவரில் ஏற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து போய் உயிரை விட்ட சிப்பாய்க்கு அந்த மரியாதை கிடைத்தது நியாயம். அதில் விவாதமே தேவையில்லை.

ஆனால் நினைவகம் சொல்லாமல் விடுவதை அருங்காட்சியகமும் சொல்லாமல் விட்டால் அது அருங்காட்சியகமே இல்லை. இலங்கைப் பணிக்கு ஒரு அறை ஒதுக்கினால், பரமேஸ்வரனின் வீரமும் அதில் இருக்கணும், யாழ்ப்பாணம் மருத்துவமனையும் அதில் இருக்கணும். ஒன்றைச் சொல்வதால் இன்னொன்று சின்னதாகாது. தஞ்சாவூரில் இருந்து வரும் ஒரு சிப்பாயின் மகனும், யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் ஒரு நர்சின் மகளும் அந்த அறையில் நின்று, நடந்தது இதுதான் என்று தலையசைக்க முடியுமா? டெல்லி மியூசியம் எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு அறையை வைத்தே சொல்லிவிடலாம்.

காகிதம் வெளியே வராமல் மியூசியம் எப்படி?

கட்டடம் மட்டும் போதாது. உள்ளே வைக்க உண்மை வேண்டும். உண்மை இருப்பது கோப்புகளில்.

1962 தோல்வி பற்றி ராணுவமே நடத்திய ஆய்வுதான் ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கை. 1963-ல் தயாரானது. அரசு அதை இதுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. 2010-ல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, அதில் உள்ள விவரங்கள் இன்றைக்கும் ராணுவ நடவடிக்கைகளுக்கு முக்கியமானவை என்ற காரணத்தை அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி சொன்னார். 2014-ல் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டுவிட்டார். ஆட்சிகள் மாறியும் அரசின் நிலை மாறவில்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. போர் வரலாறுகளை எழுதவும் ஆவணங்களை வெளியிடவும் 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. ஒரு போர் அல்லது நடவடிக்கை முடிந்து ஐந்து ஆண்டுக்குள் அதன் வரலாறு தொகுக்கப்பட வேண்டும். ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டில் ரகசியப் பட்டியலில் இருந்து நீக்கப்பட வேண்டும். 1962 போன்ற பழைய விஷயங்களை மட்டும் தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள். காகிதத்தில் நல்ல கொள்கை. அது நடைமுறைக்கு முழுசா வந்தால்தான் மியூசியத்துக்கு உயிர் வரும். இல்லையென்றால் பளபளக்கும் பீரங்கியும் டாங்கியும் நிறுத்திய ஷோரூம்தான் மிஞ்சும்.

வெளிநாட்டில் எப்படி?

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள போர் நினைவகம் நல்ல ஒப்பீடு. 1941 நவம்பர் 11-ல் திறந்தது. பெயர்ச் சுவர், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் மூன்றும் அங்கே ஒரே இடத்தில். முதல் உலகப்போரில் படையோடு போய் நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் சார்லஸ் பீனின் யோசனை அது. சுவரில் 1,00,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ரேங்க் கிடையாது. சாவில் ஜெனரலும் ஒன்று, சிப்பாயும் ஒன்று என்பது அவர்கள் முடிவு.

அங்கேயும் சண்டை ஓயவில்லை. வெள்ளையர் குடியேற்றத்தின்போது பழங்குடி மக்களோடு நடந்த மோதல்களை அங்கே போராகச் சேர்க்கணுமா என்ற வாதம் பல வருடமாக நடக்கிறது. அந்த வாதம் அங்கே நடக்க முடிகிறது என்பதே அருங்காட்சியகத்தின் பலம். மக்கள் வந்து கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறது.

என்ன செய்யணும்?

முதலில், கட்டடத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. சுவரில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம். எந்த ஊர், எந்த நாள், எந்த இடம், எப்படி இறந்தார், ஒரு போட்டோ, வீட்டில் இருந்து வந்த ஒரு கடிதம். நினைவகத்தில் பெயர் தேடும் டிஜிட்டல் திரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே வசதியை விரித்தால் போதும்.

இதற்கு நேரம் குறைவு. 1962-ல் 20 வயதில் விதவையான பெண்ணுக்கு இன்றைக்கு 80 வயதைத் தாண்டியிருக்கும். 1971 சிப்பாய்கள் எழுபதுகளில் இருக்கிறார்கள். ட்ரங்குப் பெட்டியில் இருக்கும் கடிதமும், சுவரில் மாட்டிய மங்கலான போட்டோவும், அவர்கள் வாயில் இருக்கும் கதையும் அவர்களோடேயே போய்விடும். மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கதைகளைப் பதிவு செய்வது பெரிய செலவில்லாத வேலை.

இரண்டாவது, மொழி. தேனியிலிருந்தோ வேலூரிலிருந்தோ டெல்லிக்குப் போகும் தாய், தன் மகனின் கதையை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பார்க்க நேரக்கூடாது. செத்தவர் பேசிய மொழியில் அவருடைய கதை இருப்பது சலுகை அல்ல. குறைந்தபட்ச மரியாதை.

மூன்றாவது, உள்ளே என்ன வைப்பது என்ற முடிவு. அதை ராணுவமும் அமைச்சகமும் மட்டும் எடுத்தால் வெற்றிகள் மட்டும்தான் இடம்பிடிக்கும். வரலாற்று அறிஞர்களும் வீரர்களின் குடும்பங்களும் அந்தக் குழுவில் உட்காரணும். எல்லையில் பாரம் சுமந்து செத்த போர்ட்டர்கள், குண்டு விழுந்து செத்த கிராமத்தினர் என்று சீருடை இல்லாமல் இறந்தவர்களுக்கு எந்தச் சுவரிலும் பெயர் இல்லை. மியூசியத்திலாவது அவர்களுக்கு ஒரு மூலை வேண்டும்.

இவ்வளவு செலவு தேவையா, அந்தப் பணத்தை வீரர்களின் குடும்பங்களுக்கே கொடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. பென்ஷனும் மருத்துவமும் அரசு எப்படியும் செய்ய வேண்டிய கடமை. அதைக் காட்டி இதைத் தள்ளிப்போட முடியாது. 1960-ல் கேட்டதை 2019-ல் கொடுத்த நாடு, 2015-ல் ஒப்புக்கொண்ட இன்னொரு பாதிக்கும் அதே வேகத்தில் நடக்கக்கூடாது.

இன்று மாலையும் யாரோ ஒருவர் அந்த ஜோதிக்கு முன் மலர்வளையம் வைப்பார். பிறகு தியாக சக்கராவில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து விரலால் தடவிப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளை, "இவர் யாரு?" என்று கேட்டால் பதில் சொல்ல அந்தக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் ஊருக்கு ரயில் ஏறிய பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஏதாவது இருக்கணும். நாடு பாக்கி வைத்திருப்பது அதைத்தான்.